எமிலின் வலக்கை

ஜீப்பின் இடது இருக்கைக்குக் கீழே எமில் கையை விட்டபோது அவன் மனைவி ஜெனுஷா கிணற்றடியில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். காலை வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. மகள் சுவேதினி பள்ளிக்கூடம் போய்விட்டாள். வேலிக்கு அப்பால் றஞ்சிதம் அக்கா கருவாட்டுக்குக் கீறிய மீனை வலையின் மேல் பரப்பிக்கொண்டிருந்தார்.

"ஜெனு," என்று எமில் கூப்பிட்டான்.

சத்தமாகக் கூப்பிடவில்லை. நட்டுச் சாவி எடுத்துத் தரச் சொல்லியோ டோர்ச் பிடிக்கச் சொல்லியோ அவன் கூப்பிட்டால் நாலு வீட்டுக்குக் கேட்கும். இது பூசை நேரத்தில் கோயிலுக்குள் கதைப்பது போன்ற சின்னக் குரல்.

"வாறன்," என்று அவள் கையைக்கூடக் கழுவாமல் எழும்பினாள்.

"வராத. அதிலேயே நில்."

அவள் நின்றாள். மேலே கட்டிய தறப்பாளின் நிழலில், கதவில்லாத ஜீப்பின் பக்கத்தில் எமில் முழங்காலில் நின்றான். வலது கை மார்போடு சேர்ந்து மடங்கியிருந்தது. கையில் கறுப்பாக எதையோ பொத்திப் பிடித்திருந்தான். உக்கிப்போன பொலித்தீன் துண்டுகள் விரல்களுக்கிடையில் தொங்கின.

"என்னது?"

"கிரனேட்," என்றான். "கிளிப் இல்லை. நான் இழுக்கேக்க கழண்டு போச்சுது போல. கையை விட ஏலாது."

ஜெனுஷாவுக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. சண்டைக் காலத்தில் வளர்ந்த எவருக்கும் அதைப் பற்றிப் படிப்பிக்கத் தேவையில்லை. குண்டின் பக்கத்தில் ஒட்டியபடி ஒரு நெம்புத்தகடு இருக்கும். கிளிப் அதைப் பிடித்து வைத்திருக்கும். கிளிப் போனால் கைதான் பிடித்து வைத்திருக்க வேண்டும். கை விட்டால் அவ்வளவுதான்.

அந்த ஜீப், ஒரு பழைய லாண்ட் றோவர், நறுவிலிக்குளத்திலிருந்து வந்தது. கனகரத்தினம் என்கிற கமக்காரரின் வயலோரத்தில், மரத்தடியில் அது பல வருசமாகக் கிடந்தது. அவருடைய தண்ணீர்ப் பம்பைத் திருத்தப் போன எமில்தான் அதைக் கண்டுவிட்டு வந்து இரண்டு நாளாக வேறு கதையே கதைக்கவில்லை. அவன் படகு எஞ்சின் திருத்துகிறவன். பழைய இரும்பைக் கண்டால் அவனால் சும்மா இருக்க முடியாது. "மேல்தகடு முழுக்க அலுமினியம், ஒரு இடமும் கறள் பிடிக்கேல்ல. கீழ இருக்கிற செசிதான் உக்கியிருக்கு. அதை நான் வெல்டிங் வைச்சு ஒட்டிப்போடுவன்," என்றான். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்கினால் கரையில் படகுகளை மேலே இழுத்துப் போட ஆள் பிடிப்பது பெரும்பாடு. மணலில் புதையாமல் ஓடுகிற ஒரு ஜீப், முன்னுக்கு ஒரு இழுவைக் கப்பி இருந்தால் ஊருக்கே உதவும் என்பது அவன் கணக்கு.

அப்படித்தான் அது வீட்டு வளவுக்குள் வந்தது. எமில் இறுகிப்போயிருந்த பெற்றோல் எஞ்சினை இறக்கிவிட்டுச் சின்ன லொறி ஒன்றின் டீசல் எஞ்சினை அதில் வைத்தான். எஞ்சின் இருப்பதற்கான தாங்கிகளை வெட்டிப் புதிதாக ஒட்டினான். அகன்ற டயர் பூட்டுவதற்காகச் சில்லுகளை அகலப்படுத்தினான். ஜெனுஷா பழைய வர்ணத்தைச் சுரண்டினாள், கூரைக்குக் கன்வஸ் தைத்தாள். அவள் கிழிந்த வலை பொத்துகிறவள். தடித்த துணிக்குள் ஊசி ஓட்டுவது அவளுக்கு லேசு. இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் செய்த வேலை அது. அன்று காலை எமில் இடது இருக்கைக்குக் கீழே இருந்த சாமான் பெட்டியைக் கழற்றி, அந்த இடத்தில் டீசல் நிரப்புகிற இரண்டாவது தாங்கி வைக்கலாமா என்று பார்த்தான். பெட்டிக்குப் பின்னால் செசியோடு ஒரு இடுக்கு இருந்தது. அதற்குள் பொலித்தீனால் சுற்றிய ஏதோ தட்டுப்பட்டது. கிறீஸ் தகரப்பேணி என்று நினைத்து இழுத்தான்.

"நான் எழும்பிக் கடற்கரைக்குப் போறன்," என்றான் இப்போது. "தண்ணிக்குள்ள எறிஞ்சிட்டு விழுந்து படுக்கலாம்."

"வழியில எத்தினை பேர் நிக்கினம் தெரியுமே? மீன் வாடியடியில பொம்பிளையள் எல்லாம் இருக்கினம்."

"கத்திக் கலைச்சுவிடு."

"உங்களுக்குக் கால் இடறினா?"

முழங்காலில் நின்று நின்று கால் விறைத்திருக்க வேண்டும். மெல்லத் திரும்பி ஜீப்பின் படியில் உட்கார்ந்தான். உட்காரும்போது கை ஜீப்பில் முட்டப் பார்த்தது. ஜெனுஷா கண்ணை இறுக்கி மூடினாள். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அவன் முகத்தில் வியர்வை மழை நனைத்தது போல ஓடிக்கொண்டிருந்தது.

"கனகரத்தினம் ஐயாவுக்குப் போன் எடு," என்றான். "வேற ஏதும் இதுக்குள்ள இருக்குதோ எண்டு கேள்."

அவள் கனகரத்தினத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். வயலில் நின்றிருப்பார் போல, காற்று இரைந்தது. அவள் விசயத்தைச் சொன்னாள்.

"ஐயா, கேக்குதோ?"

"பிள்ளை, நாங்கள் சண்டையில ஓடேக்க அதை விட்டிட்டுத்தான் ஓடினனாங்கள். திரும்பி வரேக்க வீட்டுக்குக் கூரையும் இல்லை, யன்னலும் இல்லை, அது மட்டும் நிண்டுது. இடையில ஆர் வந்தது, ஆர் இருந்தது, நான் என்னெண்டு சொல்லுறது?" என்றார். "கடவுளே, என்ர பேரப்பிள்ளையள் அதில ஏறித்தானே விளையாடுறவை. அந்தச் சீற்றில நிண்டு துள்ளுறவை, பிள்ளை."

ஜெனுஷா அழைப்பைத் துண்டித்தாள். சுவேதினியும் பள்ளிக்கூடத்தால் வந்ததும் அந்த இருக்கையில்தான் ஏறி உட்காருவாள். நேற்றுப் பின்னேரம் அதில் இருந்துதான் தேத்தண்ணி குடித்தாள். எமில் கிரைண்டரால் செசியை வெட்டியபோது நெருப்புப் பொறி அந்தப் பக்கமெல்லாம் தெறித்தது. ஒவ்வொன்றாக அவளுக்கு நினைவு வந்தது.

"பொலிசுக்குச் சொல்லப் போறன்," என்றாள்.

"வேண்டாம்."

"வேற என்ன செய்யிறது?"

"என்ர வளவு, என்ர ஜீப், என்ர கையில குண்டு. நான் கறள் இரும்புக்குள்ள கண்டெடுத்தனான் எண்டால் ஆர் நம்புவினம்? உன்ர அண்ணனை யோசிச்சுப் பார்."

அவள் அண்ணனை மறக்கவில்லை. கிணறு வெட்டும்போது மண்ணுக்குள் கிடந்த ஒரு குண்டுப் பெட்டியைப் பற்றி அவன் தானாகப் போய்ப் பொலிசில் சொன்னவன். சொல்லப் போனவன் வீட்டுக்கு வரக் கனகாலம் எடுத்தது. வந்த பிறகு அவன் ஆட்களோடு கதைப்பதையே விட்டுவிட்டான். கதவு தட்டுகிற சத்தம் கேட்டால் இப்போதும் பின்பக்கத்தால் வெளியே போய் நிற்பான். இந்த இரண்டு பயத்தில் எது பெரியது என்று ஜெனுஷா வளவின் நடுவில் நின்று நிறுத்துப் பார்த்தாள். கொண்டுபோகப்பட்டவன் எப்போதாவது வீட்டுக்குத் திரும்பி வரலாம். வெடித்தால் வரமாட்டான்.

"உயிரோட இருந்தாத்தானே கொண்டு போவினம்," என்று சொல்லிவிட்டு அவள் எண்ணை அழுத்தினாள்.

பொலிசில் தமிழ் கதைக்கிற ஒருவர் கேட்டார். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு, குண்டு செயலிழக்கச் செய்கிற ஆட்கள் முகாமிலிருந்து வர வேண்டும், அதுவரை ஒருவரும் கிட்டப் போகக் கூடாது, கணவரை அசையாமல் இருக்கச் சொல்லுங்கோ என்றார். எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அவள் கேட்டதற்கு "கெதியா வருவினம்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்ததாகப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்து, தான் வரும்வரை சுவேதினியை வெளியே விட வேண்டாம் என்று சொன்னாள். ஏன் என்று ரீச்சர் கேட்டபோது "வீட்டில சுகமில்லை" என்றாள். வேலியடிக்கு ஓடிப்போய் றஞ்சிதம் அக்காவுக்குச் சொன்னாள். றஞ்சிதத்தின் கையிலிருந்த மீன் மணலில் விழுந்தது.

"அவரை என்னெண்டு தூக்குறது, பிள்ளை?" என்றார். அவருடைய புருசன் அமிர்தநாயகம் பாரிசவாதம் வந்து கட்டிலில் கிடக்கிறவர். சுவர் ஒன்றுக்கு அங்கால்தான் அந்தக் கட்டில்.

"ஆம்பிளையள் ஆரையும் கூப்பிட்டுத் தூக்கிக்கொண்டு போங்கோ அக்கா."

"எல்லாரும் கடலில. நான் அவரோடதான் இருப்பன்." அவர் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அப்பால் அவர் செபமாலை சொல்லுகிற சத்தம் கேட்டது. இடையிடையே அமிர்தநாயகத்தின் குழறலும் கேட்டது. என்ன நடக்கிறது என்று அவர் கேட்கிறார் போல. றஞ்சிதம் செபத்தை நிறுத்தாமலே "ஒண்டுமில்லை, படுங்கோ" என்றார்.

"ஜெனு," என்றான் எமில். "விரல் நடுங்குது."

அவள் பார்த்தாள். காலையில் இருந்து நட்டுச் சாவி பிடித்து முறுக்கிய கை அது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நரம்பு புடைத்திருந்தது. சின்ன விரல் தன்பாட்டில் துடித்துக்கொண்டிருந்தது.

"இடக்கையாலயும் சேர்த்துப் பிடியுங்கோ."

"பிடிச்சுத்தான் இருக்கிறன். வேர்வையில வழுக்குது. நீ போ. பிள்ளையிட்டப் போ, ஜெனு. ரெண்டு பேரும் இல்லாமப் போனா அது என்ன செய்யும்?"

அவன் சொன்னது சரிதான். அவள் வேலிப் படலையைப் பார்த்தாள். படலைக்கு அங்கால் றோட்டில் ஒரு சைக்கிள் போனது. அதில் போனவர் தன்பாட்டில் ஏதோ பாடிக்கொண்டு போனார். படலை வரைக்கும் நடக்க அவள் காலெடுத்தும் வைத்தாள். பிறகு திரும்பி வீட்டுக்குள் ஓடினாள்.

வெளியே வந்தபோது அவள் கையில் வலை பொத்துகிற நைலோன் நூல் உருளையும் கத்தரிக்கோலும் இருந்தன. ஜீப்பின் சில்லிலிருந்து கழற்றிய பழைய ரியூப் ஒன்று வேலியில் தொங்கியது. அதிலிருந்து நீளமாக ஒரு துண்டை வெட்டினாள். இறப்பர் காய்ந்து வெடித்திருந்தது. இழுத்துப் பார்த்தாள், அறுந்தது. வெடிப்பில்லாத பக்கத்தில் இன்னொரு துண்டு வெட்டினாள்.

"என்ன செய்யப் போறாய்?"

"குண்டோட கையைச் சேர்த்துக் கட்டப் போறன்."

"கிட்ட வராத எண்டெல்லே சொன்னனான்!"

"கத்தாதேங்கோ. கத்தினா கை ஆடும்."

கிணற்றடிக்கும் ஜீப்புக்கும் இடையில் பெரிய தூரமில்லை. ஆனால் அந்த மணலைக் கடந்தது அவளுக்கு வாழ்நாள் முழுக்க மறக்காது. கிட்டப் போகப் போக அவள் காதுக்குள் இரைச்சல் கூடியது. எமிலிலிருந்து வியர்வையும் இரும்புக் கறளும் கலந்த மணம் வந்தது. அவள் முழங்காலில் இருந்து, முதல் தடவையாக அந்தப் பொருளைப் பார்த்தாள். ஒரு மாதுளங்காய் அளவுதான் இருந்தது. தோல் தோலாகக் கறள் உரிந்திருந்தது. நெம்புத்தகடு எமிலின் உள்ளங்கைக்குள் அழுந்திக் கிடந்தது.

இறப்பர் துண்டின் ஒரு நுனியை அவன் பெருவிரலுக்குக் கீழே கொடுத்தாள். அதை இழுத்தால் விரல் அசையும். இழுக்காவிட்டால் இறுகாது. அவன் தன் இடக்கையை விலக்க, அவள் தன்னுடைய இடக்கையால் அவன் விரல்களின் மேல் பொத்திப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் சுற்றத் தொடங்கினாள். ஒரு சுற்றில் உள்ளுக்குள் எங்கோ 'கிறிக்' என்று கறள் உடைகிற சத்தம் கேட்டது. இருவரும் மூச்சை நிறுத்தினார்கள். எமிலின் கண் அவள் கண்ணுக்கு நேரே இருந்தது. அவன் உதடு 'மரியே' என்று அசைந்தது. அவள் மனசுக்குள் ஒன்றுமே வரவில்லை, செபமும் வரவில்லை, பிள்ளையின் முகமும் வரவில்லை. வெள்ளையாக இருந்தது.

ஒன்றும் நடக்கவில்லை.

அவள் மீண்டும் சுற்றினாள். இறப்பரின் மேல் நைலோன் நூலால் இறுக்கி, வலையின் ஓரத்தில் போடுகிற முடிச்சைப் போட்டாள். மீன் எவ்வளவு துடித்தாலும் இளகாத முடிச்சு. அதற்கு மேலும் ஒன்று போட்டாள். கடைசியில் எமிலின் கை ஒரு கறுப்புப் பந்து போல இருந்தது.

"இனி விரலை விட்டாலும் இருக்கும்," என்றாள். ஆனால் அவள் தன் கையை எடுக்க நினைத்தபோது எடுக்க முடியவில்லை. விரல்கள் அவன் கையின் மேல் ஒட்டிக்கொண்டது போல இருந்தன. எமில்தான் இடக்கையால் அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கி எடுத்துவிட்டான்.

"போ இப்ப," என்றான். அவள் படலையடி வரை மட்டும் போய் நின்றாள்.

ஆமி வாகனம் வந்தபோது எமிலின் விரல் நுனிகள் நீலம் பாரித்திருந்தன. தனக்குக் கை இருக்கிறதா என்றே தெரியவில்லை, பிடித்திருக்கிறேனா விட்டுவிட்டேனா என்றும் தெரியவில்லை என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். பாரமான உடுப்பும் முகமூடியும் போட்ட ஒருவர் இறங்கினார். படலையில் நின்று ஜெனுஷாவைப் பார்த்து, உடைந்த தமிழில், "கட்டினது யார்?" என்று கேட்டார்.

"நான்தான்."

ஏசப் போகிறார் என்று அவள் நினைத்தாள். "போங்க, தூரம் போங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே நடந்தார்.

சுற்றுவட்டார வீடுகளை வெறுமையாக்கினார்கள். நாலு சிப்பாய்கள் அமிர்தநாயகத்தைப் பாயோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். றஞ்சிதம் அக்கா அவருடைய தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். எல்லோரையும் கோயில் வளவுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் வீடு தெரியாது. ஜெனுஷா மதிலடியில் நின்றாள். நல்ல வெயில், ஆனால் அவளுக்குக் குளிர்ந்தது. பக்கத்தில் நின்ற சிப்பாயின் வானொலிக் கருவியில் சிங்களத்தில் ஏதோ சொன்னார்கள். அவன் பதில் சொன்னான். அவளுக்கு அதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

அப்போது வெடித்தது.

கோயில் யன்னல்கள் அதிர்ந்தன. காகங்கள் எல்லாம் ஒன்றாக எழும்பின. யாரோ ஒரு பெண் கத்தினாள். ஜெனுஷா கத்தவில்லை. மதிலைப் பிடித்தபடி மெல்ல மெல்ல இருந்து, மணலில் சரிந்துவிட்டாள். றஞ்சிதம் அக்கா வந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். அவர் ஏதோ சொல்லுவது தெரிந்தது, ஆனால் சத்தம் கேட்கவில்லை.

சிப்பாய் குனிந்து அவள் முன்னால் கையை ஆட்டினான். "முஹுத, முஹுத," என்றான். பிறகு தமிழில், "கடல், கடல்," என்று கரைப் பக்கத்தைக் காட்டினான். அவளுக்கு அதுவும் விளங்கவில்லை. றோட்டால் இரண்டு பேருக்கு நடுவில் எமில் நடந்து வருவதைக் கண்ட பிறகுதான் விளங்கியது. குண்டைக் கையிலிருந்து எடுத்துக் கரைக்குக் கொண்டுபோய்த் தாங்களாகவே வெடிக்க வைத்திருக்கிறார்கள். எமில் தன் வலக்கையை இடக்கையால் ஏந்திக்கொண்டு வந்தான், யாரோ கொடுத்துவிட்ட பொருள் போல.

பின்னேரம் அந்த முகமூடிக்காரர் முகமூடி இல்லாமல் வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். நினைத்ததைவிட வயது குறைந்தவர். அது தானாக வெடித்திருக்குமா என்று ஜெனுஷா கேட்டாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். "தெரியாது அக்கா. சிலது செத்திருக்கும், சிலது இருக்கும். கையில வச்சுப் பாக்க முடியாது."

விசாரணை நடந்தது. எமிலைக் கூப்பிட்டார்கள், கனகரத்தினம் ஐயாவையும் கூப்பிட்டார்கள், திரும்பவும் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் அவன் போகும்போது ஜெனுஷா படலையில் நின்று, அவன் திரும்பும்வரை உள்ளே போகாமல் நின்றாள். அவன் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தான். பிறகு கூப்பிடவில்லை. அந்தக் குண்டை அங்கே வைத்தது யார், யாருக்காக வைத்தார்கள் என்பது யாருக்கும் தெரியவில்லை.

ஆமிக்காரர் ஜீப்பை முழுக்கப் பிரித்துச் சோதித்திருந்தார்கள். தகடுகளும் ஆணிகளும் வளவெல்லாம் பரவிக் கிடந்தன. வேறொன்றும் இல்லை என்று எழுதியும் கொடுத்தார்கள். எமில் அந்தப் பக்கம் போகவில்லை. படகு எஞ்சின் திருத்தும்போதும் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குள் கையை விடமாட்டான். அலுமாரிக்குப் பின்னால் விழுந்த சீப்பை எடுக்கக்கூடத் தடி தேடினான். அவனுடைய சுட்டுவிரலில் உணர்வு குறைந்துபோயிருந்தது. சுடுதண்ணீர்க் கோப்பையைத் தொட்டுவிட்டு, சுடுகிறதா என்று அவளைக் கேட்பான்.

சோளகம் தொடங்கியது. மேலே இழுத்துப் போட ஆள் கிடைக்காமல் கரையில் நின்ற இரண்டு படகுகளை அலை அடித்து உடைத்தது. அதற்கு அடுத்த காலை ஜெனுஷா தனியே போய், தகடுகளைப் பொறுக்கித் துடைத்து அடுக்கத் தொடங்கினாள். எமில் வாசலில் நின்று பார்த்தான்.

"எனக்கும் பயம்தான்," என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். "ஆனா இது இப்பிடிக் கிடந்தா நான் விடிய எழும்பி ஒவ்வொரு நாளும் இதைத்தானே பாக்க வேணும்."

செசிக்கு உட்பக்கம் ஒரு நட்டைப் பிடிக்க வேண்டியிருந்தது. மேலேயிருந்து பார்த்தால் தெரியாத இடம். அவள் டோர்ச் அடித்துப் பார்த்தாள். பிறகும் ஒருமுறை பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டாள். குளிர்ந்த இரும்பு, மணல், எண்ணெய்ப் பிசுக்கு. "பிடிச்சிட்டன்," என்றாள். பிறகு எமில் வந்து மறுபக்கத்தில் நட்டுச் சாவியைப் போட்டான்.

அன்றிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத இடங்களில் அவள்தான் கை விட்டாள். வேலை ஆமை வேகத்தில் போனது. தெரியாத எவராவது படலையைத் தட்டினால் இருவரும் வேலையை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்ப்பார்கள். ஆனாலும் போனது.

அகன்ற டயர்களைச் சில்லுகளில் ஏற்றிய அன்று எமில் காற்றடிக்கிற இயந்திரத்தைப் பூட்டினான். டயரின் விளிம்பு சில்லில் போய்ப் பொருந்தும்போது வெடிப்பது போல ஒரு சத்தம் வரும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். சொல்ல மறந்துவிட்டான். 'டும்' என்று கேட்டதும் ஜெனுஷா மணலில் குப்புற விழுந்தாள். சொல்லியிருக்க வேண்டியவனும் அவளுக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தான், இரண்டு கையும் தலைக்கு மேலே.

"பிள்ளை! என்ன அது?" என்று வேலிக்கு அப்பாலிருந்து றஞ்சிதம் அக்கா அலறினார்.

"டயர் அக்கா!" என்று கத்தினாள் ஜெனுஷா. "டயர்தான்!"

எமில் எழும்பவில்லை. அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் அவன் முதுகில் கையை வைத்தபடி, அது அடங்கும்வரை இருந்தாள். பிறகு அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பி, அடுத்த சில்லை உருட்டி வந்தான்.

"இன்னும் மூண்டு இருக்கு," என்றான். "காதைப் பொத்திக்கொள்."